"கிப் வந்ததா?" என்று கேட்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாப்பா பதினோரு மாதமாக கிப் என்கிற, கம்பியில் தொங்கி ஆடி அதன் மேல் ஏறும் ஒரே வித்தையைப் பழகிக்கொண்டிருக்கிறாள், இன்னும் கைகூடவில்லை, கோச்சுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையா, இல்லை இவளுக்கே இது ஆகாதா என்று கேட்டாய். எனக்கோ அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "வரும், வரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். டெக்சாஸில் நம்மைப் போலவே பிள்ளைகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நகம் கடிக்கும் தமிழ்ப் பெற்றோர் வேறு சிலரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரையும் பாப்பாவின் பெயரையும் எங்கும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

கிப் என்பது புல்-அப் போலக் கைப் பலத்தால் கம்பியின் மேல் ஏறும் வேலை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் மகள் பழகத் தொடங்கிய முதல் வருஷம் முழுவதும் நானும் அப்படித்தான் நினைத்தேன். சாய்தல், கவிழ்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உயரமும் தாழ்வுமாக இருக்கும் இரண்டு கம்பிகளில் கீழ்க்கம்பியைக் குழந்தை பிடித்துக் குதித்து, இடுப்பைப் பின்னால் வைத்து, பாதங்கள் மெத்தையில் உரசாமல் முன்னோக்கி வழுக்கிச் செல்கிறாள். உடம்பு முழுவதும் நீண்டு விறைக்கும் அந்த இடத்தில், கண் இமைக்கும் நேரத்தில், கால்விரல்களைக் கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். உடம்பு பின்னோக்கி ஆடத் தொடங்கும்போது கம்பியைக் கணுக்காலிலிருந்து முழங்கால், தொடை வழியாக இடுப்புக்கு ஏற்ற வேண்டும். "பேன்ட்டை மேலே இழுத்துப் போடுவதுபோல்" என்றுதான் இங்கே எல்லா கோச்சுகளும் சொல்கிறார்கள். முழங்கை மடங்கக் கூடாது. கடைசியில் மணிக்கட்டு கம்பியின் மேற்புறத்துக்குத் திரும்பி, தோள்கள் கம்பியைத் தாண்டி முன்னே வந்தால்தான் அவள் கைகளை ஊன்றிக் கம்பியின் மேல் நிற்பாள். இத்தனையும் இரண்டு நொடிக்குள் நடந்து முடிகிறது.

சின்ன வயதில் ஊரில் ஊஞ்சலில் நின்றபடி உந்தி ஆடுவோமே, எந்தக் கணத்தில் முழங்காலை மடக்க வேண்டும், எந்தக் கணத்தில் நிமிர வேண்டும் என்பதை அப்பாவா நமக்குச் சொல்லிக்கொடுத்தார்? உடம்பு தானாகக் கண்டுபிடித்தது. கிப்பும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். கால்விரல் முன்கூட்டியே வந்தால் ஆட்டத்தின் வேகம் செத்துவிடும். தாமதமாக வந்தால் ஆட்டம் அவளைக் கடந்து போய்விடும். முழங்கை மடங்கினால் முகவாய் கம்பியருகே வந்துவிடும், வயிறு மட்டும் கீழேயே தொங்கும். மணிக்கட்டு திரும்பாவிட்டால் இடுப்பு கம்பியைத் தொட்டும்கூட நிற்க முடியாமல் பின்னால் சரிந்துவிடுவாள்.

நீ அனுப்பிய காணொளியைப் பத்து முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் முயற்சியில் அவள் கால்விரல் தாமதம். இரண்டாவதில் கைகள் மடங்குகின்றன. மூன்றாவதில் கம்பி அவள் தொடையின் பாதி வரைக்கும் வந்துவிட்டது, கைகள் நேராக இருக்கின்றன. மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. அந்த இடத்தில் உன் குரல் கேட்கிறது: "ச்சே, போச்சு." ஆறு மாதத்துக்கு முன்பு நீ அனுப்பிய காணொளியில் இதே குழந்தை முழங்காலுக்கு மேல் கம்பியைக் கொண்டுவரவே இல்லை என்பதை நீ மறந்துவிட்டாய். பயிற்சி முடிந்து காரில் ஏறியதும் நீ கேட்கிற முதல் கேள்வி "கிப் வந்ததா?" என்பதாம், பாப்பாவே என்னிடம் சொன்னாள். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு விடைகள்தான் உண்டு; அவளிடம் இருப்பது ஒரே விடை. அன்று மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியதைச் சொல்ல உன் கேள்வியில் அவளுக்கு இடமே இல்லை.

அவளுக்கு நம் அப்பாவின் உயரம் வேறு. நீண்ட கால்களைக் கம்பிக்குத் தூக்க வயிற்றுத் தசைக்கு அதிக வேலை. வழுக்கிச் செல்லும்போது பாதம் மெத்தையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் கூடுதல் பாடு. குள்ளமான தோழிக்கு மூன்று மாதத்தில் வந்துவிட்டதே என்று நீ ஒப்பிட்டது நியாயமில்லை. கிப் வந்த பிறகும் நிம்மதி இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அப்போது காரில் உட்கார்ந்து பால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒரு மாதம் தவறாமல் வந்தது. கோடையில் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் காணாமல் போயிற்று. கால் நீண்டால் கணமும் மாறுகிறது, பழைய கணக்கை உடம்பு மறுபடி போட வேண்டியிருக்கிறது.

போட்டியைப் பற்றிக் கேட்டாய். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பான யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் வைத்திருக்கும் பத்து நிலைகளில் (லெவல்களில்) முதல் ஐந்தும் கட்டாய ஆட்டங்கள்: ஒரே நிலையில் உள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் ஒரே அசைவுகளைச் செய்ய வேண்டும். தரைப் பயிற்சிக்குப் பாட்டும் ஒன்றே. ஒரு சனிக்கிழமை முழுவதும் அதே இசையை அறுபது முறை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் குளியலறையில்கூட அது காதில் ஒலிக்கும். லெவல் 4-ல் கிப் இல்லாமல் முடியாது. எல்லோரும் 10 மதிப்பெண்ணில் தொடங்குகிறார்கள், அங்கிருந்து கழித்தல்தான். கீழே விழுந்தால் அரை மதிப்பெண் போகும். கோச் கையால் தாங்கிவிட்டாலும் அரை மதிப்பெண் போவதோடு, அந்த வித்தைக்கு உரிய மதிப்பும் போகும். முழங்கை மடங்கியது, முழங்கால் வளைந்தது, கால்கள் பிரிந்தது என்று மீதியெல்லாம் சில்லறையாகக் கழியும். ஆகவே பலகையில் தெரியும் எண், குழந்தை செய்யாததையெல்லாம் கழித்த மிச்சம்.

என் மகள் முதல் லெவல் 4 போட்டியில் பார் (கம்பி) ஆட்டத்துக்கு 7.35 வாங்கினாள். முதல் முயற்சியில் கிப் தவறியது. இறங்கி, கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடிக் கிண்ணத்தில் கையை விட்டு, தேவைக்கு மேல் நெடுநேரம் பொடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழுகையை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள் என்பது எனக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியாது. இரண்டாம் முறையும் பாதியில் நின்றபோது கோச் முதுகில் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அதன் பிறகு அவள் செய்த பின்சுழற்சியில் கால்விரல்கள் ஊசிபோல் நீண்டிருந்தன, இடுப்பு கம்பியை விட்டு விலகவே இல்லை. அந்த ஒரு வித்தையை அதுவரை அவ்வளவு நேர்த்தியாக அவள் செய்ததில்லை. காரில் போகும்போது அதைச் சொன்னேன். "நிஜமாவாம்மா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

கட்டாய ஆட்டம் என்றால் சின்னப் பிள்ளைகளின் சமாசாரம் என்று இளக்காரமாக எண்ணாதே. 1976 ஜூலை 18 அன்று மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில், ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி இந்தப் பாரில்தான் முதல் 10 வாங்கினாள், பலகையில் 10.00 காட்ட வழியில்லாததால் 1.00 என்று தெரிந்த கதை உனக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அது அவளே வடிவமைத்த ஆட்டமல்ல, அன்று வந்த அத்தனை வீராங்கனைகளும் செய்த கட்டாய ஆட்டம் என்பது. 1996 அட்லாண்டாவோடு ஒலிம்பிக்கிலிருந்து அது நீக்கப்பட்டது. எல்லோரும் ஒரே அசைவைச் செய்யும்போது அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இந்த வயதில் பாப்பாவுக்கு அந்தப் பார்வை நல்லதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் ஒரு பார் வாங்கி கராஜில் மாட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். நான் வாங்கினேன், யாரோ விற்ற பழைய பார், மலிவாகக் கிடைத்தது. பார்ப்பதற்கு ஆளில்லாமல் தினமும் இரவு நாற்பது முறை முழங்கையை மடக்கியபடியே முயன்று, அந்தத் தவறை என் மகள் மனப்பாடம் செய்துவிட்டாள்; அதை மறக்கடிக்க கோச்சுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கியது. இந்த வயதில் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, அங்கே வலித்தால் விளையாட்டில்லை என்று மருத்துவர் மூன்று வாரம் ஓய்வு கொடுத்தார். பாரை வந்த விலைக்கு விற்றேன். அதற்குப் பதிலாக, பாப்பா கார்பெட்டில் மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் துடைப்பக் கட்டை ஒன்றைக் கணுக்காலருகே பிடித்து, எழுந்து உட்கார்ந்துகொண்டே அதைத் தொடைவரை உருட்டி ஏற்றட்டும். கை நேராக இருக்கிறதா என்று நீ பார்த்தால் போதும். ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

பணம் வீணாகிறதா என்பது உன் குடும்பக் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. அவளுக்கே சலித்துவிட்டது என்றால் எக்செல் (Xcel) என்று இன்னொரு போட்டிப் பாதை இருக்கிறது. அங்கே விதிக்குள் நின்று தனக்கு வருவதை வைத்தே ஆட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். அது தாழ்வான பாதை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் சலித்தது அவளுக்கா, உனக்கா என்று பார்த்துவிட்டு முடிவெடு.

அடுத்த சனிக்கிழமைப் போட்டிக்கு நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு அவள் உள்ளங்கையைப் பார். விரல்களுக்குக் கீழே மேடாகத் தடித்திருக்கும் தோலைக் குளித்தபின் நுரைக்கல்லால் (ப்யூமிஸ் கல்) மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்திவிடு, இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவே உரிந்துவிடும். உரிந்தே விட்டால் தொங்கும் தோலைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, வாசலின் தடவு, கத்துவாள், பரவாயில்லை. அன்று அவளுக்குக் கையால் சாப்பிட முடியாது, காரம் பட்டால் எரியும். இட்லி மிளகாய்ப்பொடி நமக்கு மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்குத் தயிர்சாதம், ஸ்பூன் நீ எடுத்து வந்துவிடு, போன தடவை நான் மறந்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா