மஞ்சள் தீக்குக் காரணம் சிலிண்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுப்புத் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரிப்பிடித்தால் உடனே 'சிலிண்டரில் கலப்படம்' என்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அடுப்புதான்.

சமையல் எரிவாயுவில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். கன அளவில் ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. இதில் ஒரு பகுதியை, ஜெட்டிலிருந்து (வாயு வெளிவரும் சிறு துளையுள்ள பித்தளை முனை) சீறிப் பாயும் வாயுவே பர்னர் குழாயின் வாய்வழி இழுத்துக்கொள்கிறது. அங்கே சிலந்தி வலையோ பொங்கி வழிந்த பாலோ அடைத்தால் காற்று போதாது. எரியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். பாத்திரத்தில் படிவதும் அதே கரி. கூடவே வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். (உப்புநீர் தெறித்து நொடிநேரம் மஞ்சளாவது சோடியத்தின் வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம்.)

ரெகுலேட்டரை மூடி, ஆறிய பர்னரைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பர்னர் துளைகளுக்கு ஊசி, குழாய்க்குப் பாட்டில் பிரஷ். ஈரம் அறவே காய்ந்த பிறகே மாட்டவும்.

ஜெட்டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெருத்தால் வாயு கூடும், காற்று அதற்கேற்பக் கூடாது, மஞ்சள் இன்னும் மோசமாகும். அடைத்த ஜெட்டை மாற்றுவதே சரி.

குழாய் எரிவாயுவுக்கு மாறுகிறவர்களுக்குக் கதை வேறு. அதில் பெரும்பகுதி மீத்தேன். அதற்குச் சுமார் 10 பங்கு காற்றே போதும், ஆனால் அதே அளவு வாயுவில் வெப்பம் குறைவு. அதனால் பெரிய துளையுள்ள ஜெட் போடாவிட்டால் தீ சிறுத்துத்தான் எரியும்.

அடுப்பு மெக்கானிக்,
திண்டுக்கல்