கயலுக்கு, ஜியூஸ் எப்படி தியோஸ் ஆனது என்று

அன்புள்ள கயல்,

போனில் நீ அழாத குறையாகச் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அவ்வளவு ஆசையாக ஏதென்ஸுக்குக் கிரேக்க மொழி படிக்கப் போய், தேர்வில் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜியூஸின் பெயரில் தடுக்கி, 'ஜியூஸுடைய' என்பதற்கு 'ஜியூஸோஸ்' என்று எழுதி, சரியான விடை 'தியோஸ்' என்று தெரிந்ததும் இந்த மொழியே வேண்டாம் என்று ஆகிவிட்டது உனக்கு. நீ இங்கே விட்டுப்போன இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் படிக்கிறேன்.

கிரேக்கப் பெயரை எழுவாயாக மட்டும் மனப்பாடம் செய்யாதே கண்ணு. அதில் பெயர் பாதி மறைந்திருக்கும். கிரேக்கக் கதைகளில் வரும் அரசன் ஈடிபஸையே பார், கிரேக்கத்தில் ஒய்திபூஸ், வீங்கிய காலுடையவன். குழந்தையாக இருந்தபோது கணுக்காலைத் துளைத்து மலையில் போட்டுவிட்டார்கள் இல்லையா, அதனால் வந்த பெயர். காலுக்கு 'பூஸ்', ஆறாம் வேற்றுமையில் 'பொதோஸ்'. கேமராவை நிறுத்துகிற ட்ரைபாடில் இருப்பதும் இந்தக் கால்தான், எழுவாயை மட்டும் படித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா?

ஜியூஸும் அப்படித்தான். ஒளிரும் வானத்தைக் குறித்த பழைய வேர் அது, ரிக் வேதத்தில் த்யௌஸ் என்று வருகிறதே, அதே வேர். தொடக்கத்து 'த்ய்' கிரேக்கர் வாயில் 'ஜ்' போல மாறியதால் எழுவாய் ஜியூஸ் ஆனது. மற்ற வேற்றுமைகளில் 'திவ்' அப்படியே நின்றது, பின்னால் 'வ்' மட்டும் உதிர்ந்து தியோஸ், தியா என்று ஆனது. கிரீட் தீவின் பழைய நகரமான க்னோசோஸில் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய களிமண் பலகை ஒன்றில், எண்ணெய் கொடுத்த கணக்கில் 'திவெ' என்று இருக்கிறது, 'ஜியூஸுக்கு' என்று பொருள். அந்த 'வ்' அங்கே இன்னும் உதிரவில்லை! அதுவரை யாராலும் படிக்க முடியாதிருந்த அந்தப் பலகையின் எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் படித்துக் காட்டியிருக்காவிட்டால் இதை நாம் கண்ணால் பார்த்திருக்க முடியாது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

அப்புறம், அங்கே இன்று அந்தக் கடவுளை 'தியாஸ்' என்கிறார்கள் அல்லவா? இரண்டாம் வேற்றுமையான 'தியா'விலிருந்து புதிதாகச் செய்துகொண்ட எழுவாய் அது. அதே வேரிலிருந்து வந்த ரோமர்களின் ஜூப்பிட்டர் இன்னும் அழகு. 'வானத் தந்தையே' என்று கூப்பிட்ட விளியே பெயராக உறைந்துவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒரு கடவுளுக்குப் பெயர் வந்திருக்கிறது.

சரி, இனி எந்தப் பெயரைப் படித்தாலும் ஆறாம் வேற்றுமையையும் பக்கத்திலேயே எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவை. முதலில் தெமேத்தேர், தெமேத்ரோஸ் எழுது, மகளைத் தேடி உலகமெல்லாம் அலைந்த அந்தத் தாய்த் தெய்வத்தின் பெயர் 'மேத்தேர், மேத்ரோஸ்' என்று அம்மாவுக்கான சொல்லைப் போலவே மாறும், அதனால் உனக்கு மறக்காது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பத்துப் பெயர் நான் ஒப்பிக்கிறேன், நீ திருத்து.

அப்பா