சித்தி, 67-ம் பக்கம் பற்றி

அன்புள்ள சித்திக்கு,

"தபாலில் எங்கேயோ போய்விட்டது போல" என்று ஃபோனில் சொன்னேனே, அது பொய். என் கதைப் புத்தகத்தில் உங்களுக்கென்று கையெழுத்துப் போட்ட பிரதி மூன்று மாதமாக என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்தான் கிடந்தது.

முதல் புத்தகம் போடுகிறவர்கள் பயப்படுவதற்கெல்லாம் நானும் பயந்தேன். மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தும் 43-ம் பக்கத்தில் "பல்லி விட்டதும் பிள்ளைகள் ஓடினார்கள்" என்று அச்சாகிவிட்டது. அடித்ததே 300 பிரதி. முன்பெல்லாம் 1200 போடுவார்களாம். இப்போதைய மெஷினில் நூறு கூடப் போடலாம். அந்த முந்நூறும் கரையானுக்குத்தான் என்று ராத்திரியெல்லாம் தோன்றும். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் ஒரு பெரியவர் என் புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையைப் படித்தார். 10 சதவீதக் கழிவு போக எவ்வளவு என்று கேட்டார். வைத்துவிட்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நான் நிஜமாகப் பயந்தது உங்களுக்கு. நாலாவது கதை உங்களுடையது. பெயரை மாற்றினேன், கோவில்பட்டியைச் சாத்தூர் ஆக்கினேன். கல்யாணமான மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்ததையும், மறுநாளே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறியதையும் எப்படி மாற்றுவது? மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டே எனக்கு மட்டும் சொன்னது அது. அதை நான் ஊருக்கே விற்றுவிட்டேன்.

தம்பி ஒரு பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் ஃபோன்.

"ஏட்டி, 67-ம் பக்கம் தப்பு."

எனக்குக் கை நடுங்கியது.

"நான் எங்கட்டி பெட்டி ஒட்டுனேன்? நான் கட்டை அடுக்குனவ. பெட்டி ஒட்டுனது உங்கம்மா, வீட்ல இருந்துக்கிட்டு."

அவ்வளவுதான். திரும்பி வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குச்சியைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசை பிசகாமல் வைப்பது எப்படி, வேகம் எங்கே வரும், விரல் நுனி எப்படிக் காய்த்துப்போகும் என்று அரைமணி நேரம் சொன்னீர்கள். நான் மின்சாரக் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தேன். புத்தகத்துக்கு ஒரு நல்ல மதிப்புரை வந்தது, சித்தி. அதைக்கூட நான் இரண்டு தடவைதான் படித்தேன். அந்த ரசீதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

புத்தகத்தின் பின்னால் 13 இலக்கத்தில் ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறதல்லவா, அதில் கடைசி இலக்கம் முன்னால் இருக்கிற 12-ம் சரிதானா என்று பார்க்கத்தான். கதைக்கு அந்த வசதி கிடையாது. 1954-ம் வருடச் சட்டப்படி பதிப்பாளர் ஒரு பிரதியை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அனுப்பியும் விட்டார். ஆகவே அங்கே நீங்கள் பெட்டி ஒட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள். மன்னியுங்கள்.

பங்குனித் திருவிழாவுக்கு வருகிறேன். பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த பிரதியையும் பென்சிலையும் எடுத்து வருகிறேன். 68-லும் ஏதோ இருக்கிறது என்றீர்களே, அதற்குள் ஃபோனில் சார்ஜ் போய்விட்டது.

உங்கள்
பெரிய மகள்