வாசலில் நின்று பாடும் பாட்டு: எங்கள் பாடகர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத்து ஐயர் அவர்களுக்கும், சேகரக் குழுவினருக்கும், பாடகர் குழுவின் தம்பி தங்கையருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்து பிறப்பின் கீத பவனிக்கான ஒத்திகை அடுத்த வாரம் தொடங்கும் என்று சென்ற ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார்கள். பாட்டுப் பட்டியல் முடிவாவதற்கு முன் என் மனத்தில் ஓராண்டாக இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகள் இதே குழுவில், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ வரிசையில் நின்று பாடியவள் என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு உரிமை இல்லை.

கடந்த டிசம்பரில் ஒரு இரவு ஒன்பது மணி கடந்து எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட தம்பி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பதிவுசெய்த இசை ஒலிபெருக்கியில் ஓட, 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டை ஆங்கிலத்தில் ஒரு முறையும், அதே மெட்டில் அமைத்த தமிழ்ச் சொற்களோடு இன்னொரு முறையும் பாடினீர்கள்; ஜெபம் செய்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனீர்கள். எதிர்வீட்டில் இருக்கும் தையல்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஆனாலும் எங்கள் வீட்டுப் பண்டிகைத் துணிகளைப் பல ஆண்டுகளாக அவர்தான் தைக்கிறார். மறுநாள் காலையில் அவர் என்னிடம், "அக்கா, நேத்து ராத்திரி இங்கிலீஷ்ல பாடினாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். பனித்தரையில் ஒற்றைக் குதிரை இழுக்கும் சறுக்குவண்டி, அதில் கட்டிய மணி, வழியெல்லாம் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், "இதுல ஏசு சாமி எங்க வாராரு?" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் என்ற அமெரிக்கர் இயற்றி, 1857-இல் பாஸ்டனில் அச்சான அந்தப் பாட்டில் கிறிஸ்து பிறப்பைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஓர் இளைஞன் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான், வண்டி பனிமேட்டில் கவிழ்கிறது, அவ்வளவுதான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேக் வெட்டும் நாளில் அதைப் பாடி ஆடட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் மட்டுமே நிற்கும் நீங்கள், அந்த ஐந்து நிமிடத்தையும் அதற்கே கொடுத்துவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடிக்காதது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம் தெருக்களில் இது எதன் இடத்தை எடுத்துக்கொண்டது என்பதே அதற்குக் காரணம்.

மெட்டு வேறு இடத்திலிருந்து வந்தது என்பது என் குறை அல்ல. நாம் நெஞ்சை நிமிர்த்திப் பாடும் 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' பாட்டின் ஆங்கில மூலத்தை இங்கிலாந்துப் போதகர் சார்லஸ் வெஸ்லி 1739-இல் வெளியிட்டார்; இன்று நாம் பாடும் மெட்டோ, அச்சுக்கலையின் தந்தை கூட்டன்பர்க் நினைவாக 1840-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் அமைத்த இசையிலிருந்து பின்னால் எடுக்கப்பட்டது. அச்சு இயந்திரத்துக்கு விழா எடுத்த இசை பாலன் இயேசுவுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. மெட்டு எங்கிருந்து வந்தாலும், அதன்மேல் ஏறும் சொல் என்ன சொல்கிறது, அது கேட்பவர் காதில் முழுதாக விழுகிறதா என்பவையே என் கேள்விகள். சென்ற ஆண்டு பாடிய தமிழ் வடிவத்தில், துள்ளி ஓடும் மெட்டுக்குள் சொற்கள் அடங்காமல், 'பாலன்' என்ற சொல் 'பலன்' என்றே ஒலித்தது. குறிலும் நெடிலும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழி நம்முடையது. பாடும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த வேகத்தில் யார் பாடினாலும் அப்படித்தான் ஒலிக்கும்.

இதற்கு நேர்மாறாக, நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள 'ஒப்பில்லா திரு இரா' பாட்டை, அதாவது 'சைலன்ட் நைட்' பாட்டின் தமிழ் வடிவத்தை, ஒருமுறை மெதுவாகப் பாடிப் பாருங்கள். மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் 'லா' வருகிறது, அடுத்து நிற்கும் இடத்தில் 'ரா' வருகிறது. நெடில் எழுத்துகள் நீண்ட சுரங்களின்மேல் தாமாகவே வந்து அமர்ந்ததைப் போல இருக்கிறது. அதை மொழிபெயர்த்தவர் தமிழைத் தன் செவியால் அளந்திருக்கிறார். ஆனால் நாம் அதன் முதல் சரணத்தைப் பாடிவிட்டு, மெழுகுவர்த்தி எரிந்து தீரும் முன்பே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம்.

அந்தப் பாட்டு பிறந்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816-இல் அதன் வரிகளை எழுதினார். பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்தார். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரின் ஆலயத்தில் 1818 டிசம்பர் 24 அன்று இருவருமாக அதை முதன்முதலில் பாடினார்கள். வழிபாடு லத்தீனில் நடந்த அந்த ஆலயத்தில் அவர்கள் பாடியது தங்கள் ஊராரின் ஜெர்மன் மொழியில். துணைக்கு இருந்தது ஒரு கிடார். அன்று மோருக்கு வயது 26, குரூபருக்கு 31. கிடாரைக் கீழே வைக்கச் சொல்லும் மூத்தவர்களோடு நான் சேரமாட்டேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் இளையோர் பவனிக்கு வரமாட்டார்கள் என்று சேகரக் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வயதில் இருந்த இருவர், தங்கள் ஊராருக்குப் புரியும் மொழியில் பாடிய பாட்டுதான் இன்று உலகெங்கும் பாடப்படுகிறது. உங்களால் முடியாதது அதில் என்ன இருக்கிறது?

பனியை ஏங்கிப் பாடும் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் அதை எழுதியபோது, ஆரஞ்சு மரமும் பனைமரமும் அசையும் வெயில் ஊரில் இருந்துகொண்டு வடக்கே போக ஏங்கும் ஒருவர் பாடுவதாகத் தொடங்கினார். அந்த முகப்பு வரிகளைப் பெரும்பாலோர் பாடுவதில்லை. 1942-இல் பாடகர் பிங் கிராஸ்பியின் குரலில் அது வெளியானபோது, இரண்டாம் உலகப் போரில் வீட்டைப் பிரிந்திருந்த வீரர்கள் அதைத் தங்கள் ஏக்கமாகவே கேட்டார்கள். அந்த ஏக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அது நம்முடைய ஏக்கம் அல்ல. நம் டிசம்பர், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்தை ஈரக்காற்று அசைக்கும் மாதம்.

நம்முடைய பாட்டு எது என்றால், 'பெத்தலேகம் ஊரோரம்' என்று நான் தயங்காமல் சொல்வேன். பெத்தலேகம், சத்திரம், கர்த்தன், துத்தியம், இத்தினம் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, சிறு பிள்ளையின் நாவிலும் ஒரு முறை கேட்டாலே ஒட்டிக்கொள்கிறது. புத்தகம் பாராமல் கைத்தாளத்தோடு பாடலாம். அதில் வரும் 'சத்திரம்' என்ற ஒரு சொல் போதும்; வழிப்போக்கர் தங்குகிற இடம், அங்கேயும் அந்தக் குடும்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் சிறுவயதில் விடியற்காலைப் பஜனை வரும்போது, பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஜால்ராவும் ஆர்மோனியமுமாக முதலில் தெருமுனையில் கேட்பது இந்தப் பாட்டுதான். நாங்கள் கதவைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டினரும் திண்ணைக்கு வந்திருப்பார்கள்.

பாலனை நம் மண்ணின் சொல்லில் பாடும் வழக்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. தஞ்சையில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமார் சிலர், பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றவும் தமிழ்ப் பாட்டைத் தள்ளிவைக்கவும் முயன்றபோது அவர் எதிர்த்து எழுதினார். அதே சர்ச்சையில் ஆலயத்தில் சாதிப் பிரிவினையையும் அவர் விட்டுக்கொடுக்க மறுத்ததை நான் ஏற்கவில்லை; அது தவறு. பாட்டைப் பற்றி அவர் கொண்ட பிடிவாதத்துக்கு மட்டும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனவே என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு ஒவ்வொரு வாசலிலும், பதிவுசெய்த இசையை நிறுத்திவிட்டு, வீட்டாரும் சேர்ந்து பாடக்கூடிய ஒரு தமிழ்ப் பாட்டையாவது பாடுங்கள். மேளமும் கிடாரும் இருக்கட்டும். சொல் கேட்கும் அளவுக்கு அவை தணிந்து ஒலிக்கட்டும். 24-ஆம் தேதி இரவு ஆராதனையில் 'ஒப்பில்லா திரு இரா' பாட்டின் எல்லாச் சரணங்களையும் தமிழிலேயே பாட இடம் கொடுங்கள். ஒத்திகையில் ஆல்டோ வரிசைக்குக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டால் எல்லா மாலையும் வருகிறேன்.

எங்கள் தெருவின் முறை எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிவித்தால், அன்று இரவு தையல்காரர் குடும்பத்தையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வைத்திருப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் பழைய ஆல்டோ