அவன் பெயர் பூனை இல்லை

அம்மு,

இன்றோடு பத்தொன்பது நாள். நான் எண்ணவில்லை, உன் அப்பாதான் எண்ணிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையில் கவிழ்த்து வைக்கிறார். அவளுக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று நான் சொல்லிவைக்கிறேன். அதிகமா? சாப்பிடுகிறாயா? முந்தாநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டியது, அந்த நேரத்தில் என்ன முழிப்பு? தூங்கு. உடம்பு முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி ஒழுகலைச் சரிசெய்தாயிற்று. சேதி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். நான் உனக்கு அனுப்பியது மூன்று வார்த்தை, "பூனை செத்துப் போச்சு". நீ திருப்பி அனுப்பியது நான்கு, "அவன் பெயர் பூனை இல்லை". முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான், என் மூன்று வார்த்தையில் நீ பிழை கண்டுபிடித்துவிட்டாய். ஒருபக்கம் கோபம். இன்னொரு பக்கம், சொன்னால் சிரிப்பாய், பரவாயில்லையே, என் பிள்ளைக்குக் கண் இருக்கிறதே என்று ஒரு பெருமையும்தான்.

பெயரை நான் சொன்னதில்லை என்பது உண்மை. பெரியப்பா பெயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர் வந்திருந்தபோது "முத்து, சோபாவை விட்டு இறங்குடா" என்று கத்தினாயே, அன்றைக்கு அவர் முகம் போன போக்கு! அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. ஜப்பானில் 2019இல் செய்த ஆராய்ச்சி என்று ஒரு கட்டுரை அனுப்பினாய், பூனைகள் தங்கள் பெயரை மற்ற வார்த்தைகளிலிருந்து பிரித்து அறிகின்றன என்று. படித்தேன், பதில் போடவில்லை. நான் "பூனை" என்றால் காது மட்டும் திரும்பும். உன் குரல் போனில் "முத்து" என்றால் தலையே நிமிரும். ஆராய்ச்சி எதற்கு, வீட்டிலேயே பார்த்தேன்.

நீ போன தடவை வந்தபோது ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? "அது" என்று சொல்லாதே, "அவன்" என்று சொல் என்றாய். நான் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் சொன்னது சரி. தமிழில் "அது" என்பது வசவு இல்லை. குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது என்றுதானே எழுதுகிறோம்? நீ பிறந்தபோது அது பால் குடித்ததா, அது தூங்கிவிட்டதா என்றுதான் வீடு முழுக்கக் கேட்டது. ரெண்டு வயது வரைக்கும் நீயே அஃறிணை. அதனால் உன் மேல் யாருக்குப் பாசம் குறைந்தது?

அப்புறம் அந்தத் "துணை விலங்கு". "பெட்" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று 2011இலேயே விலங்கு அறம் பற்றிய ஓர் ஆங்கில ஆய்விதழின் ஆசிரியர்கள் எழுதினார்கள், அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம் என்று கொண்டுவந்தாய். துணைவேந்தர், துணை ஆசிரியர், துணை இயக்குநர், அந்த வரிசையில் துணை விலங்கு, அப்படியானால் தலைமை விலங்கு யார், உன் அப்பாவா என்று கேட்டேன். நீ சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாய். விலங்கு என்றால் கையில் மாட்டுவதும் அதுதான், அதை நினைத்தாலே எனக்குப் பிடிக்காது. பிராணி தேவலை, மூச்சு விடுவது என்றுதான் பொருள். "செல்லப்பிராணி"யில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, உனக்குத்தான் அது பொம்மைக் கடை வார்த்தை மாதிரி இருக்கிறது.

ஆனால் "வளர்ப்பு" இருக்கிறதே, அதை நீ யோசிக்கவே இல்லை. பூனை வளர்க்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம், ரெண்டுக்கும் ஒரே வினைச்சொல். வளர்ப்பு மகள் என்கிறோம், வளர்ப்புப் பிராணி என்கிறோம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று பிள்ளைப் பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோம். தொல்காப்பியத்தில் மரபியலில் "பாட்டி" என்ற சொல் பெண் நாய்க்கும் பெண் பன்றிக்கும் நரிக்கும் உரியது என்று இருப்பதைப் பத்தாவது படிக்கும்போது உன் பாட்டியிடமே போய் ஒப்பித்து வாங்கிக்கட்டிக்கொண்டாயே. அந்த வாய் எங்கே போயிற்று இப்போது? நாலு வார்த்தையோடு நின்றுவிட்டதா?

உரிமையாளர் என்று சொல்லக் கூடாது, காப்பாளர் என்று சொல்ல வேண்டும் என்றும் வாதாடினாய். அமெரிக்காவில் போல்டர் என்ற ஊர் 2000இலேயே சட்டத்தில் அந்த வார்த்தையைச் சேர்த்துவிட்டது, ஆஸ்திரியா 1988இலும் ஜெர்மனி 1990இலும் விலங்குகள் பொருள்கள் அல்ல என்று எழுதிவிட்டன, பிரான்ஸ் 2015இல் உணர்வுள்ள உயிர்கள் என்று எழுதியது என்றெல்லாம் அடுக்கினாய். நானும் தேடிப் படித்தேன். ஜெர்மன் சட்டத்தில் அதே பிரிவின் கடைசி வரியைப் பார்த்தாயா? விலங்குகள் பொருள்கள் அல்ல, வேறு விதி இல்லாத இடத்தில் பொருள்களுக்கான விதிகளே அவற்றுக்கும் பொருந்தும். முதல் வரியில் கொடுத்ததைக் கடைசி வரியில் பாதி வாங்கிக்கொள்கிறார்கள். வார்த்தையை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "மாறாதும்மா. ஆனா வார்த்தை சரியா இருந்தா நீ கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருப்பே."

அதற்கு அப்போது அர்த்தம் புரியவில்லை.

மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பிராணியின் பெயர், வகை, வயது, உரிமையாளர் பெயர். உன் பெயரை எழுதுவதா என் பெயரா என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பின்னால் இருந்து, "எழுது, நேரமாச்சு" என்றார். என் பெயரை எழுதினேன். பிராணியின் பெயர் என்ற இடத்தில் முத்து என்று எழுதினேன். அந்தப் பெயரை நான் என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

சரி, சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, கேட்கமாட்டாய், அதனால்தான் இத்தனை பக்கம் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவன் ரெண்டு நாள் மணல் தட்டுக்குப் போய்ப் போய் வந்தான். உட்காருவான், முதுகை வளைப்பான், ஒன்றும் வராது, தட்டை விட்டு இறங்கி நாலு அடி நடந்து திரும்பவும் அங்கேயே போவான். அடித்தொண்டையில் ஒரு சத்தம். மலச்சிக்கல் என்று நினைத்தேன். மணல் காய்ந்தே கிடந்தது, அதை நான்தான் பார்த்தேன், நல்லதாய்ப் போயிற்று, இன்றைக்கு அள்ளும் வேலை இல்லை என்றுகூட நினைத்தேன். அப்பா டாக்டரிடம் காட்டலாமா என்றார். "பூனைதானே, தானே சரியாகிவிடும்" என்றேன். இரண்டாம் ராத்திரி குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டான். ஈரம் என்றாலே ஓடுகிறவன். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு வந்து படுத்தேன். காலையில் வாந்தி. தூக்கினால் அடிவயிறு எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக, கெட்டியாக இருந்தது. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடிக்கும், மணிக்கணக்கு என்று டாக்டர் சொன்னார். அடைப்பை எடுத்துவிட்டார். "நேற்று வந்திருந்தால்" என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

அம்மு, நீ எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. "மணல் தட்டில் முக்கினால் உடனே டாக்டரிடம் கூட்டி செல்லவும்." அதில் "கூட்டி"க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு "ச்" இருக்கிறது. நான் போட்டது. நீ ஊருக்குக் கிளம்பிய அன்றே ஒற்று விட்டிருக்கிறாய் என்று பார்த்துத் திருத்திவிட்டேன். ஒற்றைத்தான் பார்த்தேன்.

நன்னூலில் ஒரு விதி உண்டு. மகிழ்ச்சியாலும் உயர்வாலும் சிறப்பாலும் கோபத்தாலும் இழிவாலும் திணை மாறிச் சொன்னால் பிழை இல்லை. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது அதற்கு உதாரணம். ஐந்து காரணம் சொல்கிறார் பவணந்தி. துக்கத்தைச் சேர்க்கவில்லை. எனக்கும் இப்போது "அவன்" என்று தவிர வேறு விதமாக வாயில் வரவில்லை. எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தால் உனக்கே தெரியும், எந்த இடத்திலிருந்து மாறியது என்று.

"பூனை செத்துப் போச்சு" என்று அனுப்பியது உன்னைக் குத்துவதற்காக இல்லை. பெயரைப் போட்டால் மிச்சத்தையும் எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான் காரணம். இப்போது திருத்தி எழுதுகிறேன். முத்து வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இறந்துபோனான். ஒரு நாள் தாமதமாகத்தான் கூட்டிச் சென்றோம். தாமதம் அப்பாவால் இல்லை, என்னால்.

அப்பாவிடம் பேசாமல் இருக்காதே. என்னிடம் இருந்துகொள். நேரத்துக்குச் சாப்பிடு, ஒன்றரை மணி வரைக்கும் முழித்திருக்காதே.

மணல் தட்டைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். எடுத்து வைக்கவா, தூக்கிப் போடவா என்று அப்பா தினமும் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல். ஒரு வார்த்தை போதும், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா