பழைய ஆபரேஷன் குறிப்பைக் கையோடு கொண்டுபோ

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், ஆபரேஷன் செய்த அதே இடத்தில் மறுபடி புடைக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மதுரையில் செய்த ஆபரேஷனின் குறிப்பு பீரோவில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். சிங்கப்பூரில் எந்த சர்ஜனைப் பார்த்தாலும் முதலில் அதைக் காட்டு.

உனக்கு அப்போது செய்தது லிக்டன்ஸ்டைன் முறை. தொடை இடுக்கில் முன்பக்கம் கீறி, தசைமேல் செயற்கை வலை வைத்துத் தைப்பது. அந்த இடம் இப்போது தழும்பாக இறுகியிருக்கும். அதே வழியில் திரும்பப் போனால், தழும்போடு ஒட்டிக் கிடக்கும் நரம்பும், விதைக்குப் போகும் ரத்தக்குழாயும் அடிபடலாம். நரம்பு பட்டால் மாசக்கணக்கில் வலி. ரத்தக்குழாய் பட்டால் விதையே சுருங்கிவிடும். அரசு ஆஸ்பத்திரித் தியேட்டரில் நின்ற காலத்தில், திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கமிருந்து இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு அந்தத் தழும்பைப் பிரிக்க டாக்டர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அப்போதெல்லாம் வலை இல்லாத பாசினி தையல்தான். தசையை இழுத்துப் பிடித்துத் தைப்பதால் அது விட்டுக்கொடுத்துவிடும். வலை வந்தபிறகு திரும்ப வருவது குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

முன்பக்கம் செய்திருந்தால் அடுத்தது தசைக்குப் பின்பக்கமாக என்பதுதான் 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும். லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியாகப் போய், தசைக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் நடுவே குறைந்தது 10-க்கு 15 சென்டிமீட்டர் வலையை விரிப்பார்கள். இடுப்பில் குடல் இறங்கக்கூடிய எல்லா வழியும் அதில் மூடிவிடும். முழு மயக்கம் கொடுப்பார்கள், அதற்குப் பயப்படாதே. ஆனால் கை பழகாதவர் செய்கிற வேலை இல்லை இது. திரும்ப வந்த ஹெர்னியாவை அடிக்கடி செய்கிறவரா என்று கூச்சப்படாமல் கேள்.

சிகரெட்டை விட்டுவிடு ராசா. தசையைச் சேர்த்துப் பிடிக்கிற சத்தையே அது கெடுக்கிறது, இருமலும் சேர்ந்துகொள்கிறது.

படுத்தால் உள்ளே போகிறவரை அவசரமில்லை. இறுகிப்போய், வலித்து, வாந்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று இருக்காதே, உடனே எமர்ஜென்சிக்குப் போ.

தேதி குறித்ததும் சொல். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, நான் வருகிறேன். மருமகள் தனியாக உன்னையும் பேரனையும் பார்ப்பது கஷ்டம்.

அம்மா