கணக்கெழுதும் 9 பேர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போட நாளாகிவிட்டது. எனக்கு மூட்டு வலி, பேரனுக்குப் பள்ளி விடுமுறை, இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. எகிப்து மம்மி பார்த்தே ஆகவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றதால், நேற்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போனோம். அவன் மம்மியைப் பார்த்தான். நான் உன்னைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கண்ணாடிக்குள் மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய தானியக் கிடங்கு ஒன்று. முக்கால் மீட்டர் நீளம்தான். ஒரு பக்கம் தானியம் கொட்டும் அறைகள், இன்னொரு பக்கம் ஆபீஸ். மூட்டை சுமக்க 6 பேர். அளக்கவும் எழுதவும் 9 பேர்! சிலரிடம் மரப்பலகை, சிலரிடம் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருள். கொள்முதல் நிலையத்தில் நீ பில் போட்ட காலத்தில், "தூக்க ஆளில்லை, எழுத மட்டும் இத்தனை பேரா?" என்று லோடுமேன்கள் முனகுவார்கள் என்பாயே, அந்த முனகலுக்கு வயது 4,000. மதிலின் நாலு மூலையும் கூராக நீட்டிக்கொண்டிருக்கின்றன. எலியும் திருடனும் ஏறாமலிருக்க என்கிறார்கள். உங்கள் எலிகள் இதற்கெல்லாம் அசருமா?

இது பழங்கால எகிப்தில் மெகெட்ரே என்ற பெரிய அதிகாரியின் கல்லறைச் சொத்து. செத்த பிறகும் சோற்றுக்குக் குறை வரக்கூடாதே! கிடங்கு, ரொட்டி சுடும் கூடம், மாட்டுத் தொழுவம், படகுகள் என்று மொத்தம் 24 உருப்படிகளை ஒரு சின்ன அறையில் அடுக்கி மூடிவிட்டார்கள். கல்லறை முழுக்கக் கொள்ளை போனது, இந்த அறை மட்டும் தப்பியது. 1920இல் இந்த மியூசியத்தின் அகழாய்வாளர் வின்லாக்கின் குழு எகிப்தின் தேப்ஸில் அந்தக் கல்லறையைத் துப்புரவு செய்தபோது, கல் துணுக்குகள் ஒரு பிளவுக்குள் சரிந்து ஓடுவதை வேலையாட்கள் கண்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இத்தனையும். அப்புறம் என்ன, பாகப்பிரிவினைதான். பாதி கெய்ரோவுக்கு, பாதி இங்கே.

அதில் ஒரு ஜோடியையும் பிரித்துவிட்டார்கள். படையல் சுமந்து வரும் இரண்டு பெண் சிலைகளில் ஒருத்தி கெய்ரோவில் இருக்கிறாள். இங்கிருப்பவள் ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரம். தலையில் இறைச்சிக் கூடை, அதை இடக்கை தாங்குகிறது. வலக்கையில் உயிரோடு ஒரு வாத்து, இறக்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறாள். உடுப்பு முழுக்க இறகு இறகாகத் தீட்டிய வண்ணம். இடது காலை எட்டி வைத்து, பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்பதுபோல் நடக்கிறாள். அவளைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பேரன்தான் பசிக்கிறது என்று இழுத்து வந்தான்.

கிடங்கின் போட்டோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறேன். அந்த 9 பேரில் நீ யார் என்று பார்த்துச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்